தோண்டுமுன் ஆற்றங்கரையைக் கேளுங்கள்!

நம் ஊரில் ஒரு கல்யாணப் பேச்சு தொடங்கினால் "எத்தனை பவுன்?" என்ற கேள்வி முதலில் வந்து நிற்கிறது. அந்தப் பவுன் எந்த மண்ணிலிருந்து வந்தது, அங்கே யார் குடியிருந்தார்கள், அவர்களைக் கேட்டுத்தான் தோண்டினார்களா என்று யாரும் கேட்பதில்லை. கடையில் வாங்கினோம், ரசீது இருக்கிறது. அத்தோடு கணக்கு முடிந்தது!

அப்படிக் கேட்கப்படாத கேள்வி ஒன்று இன்று உலகத்தின் வடகோடியில் எழுந்து நிற்கிறது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், சாலையே இல்லாத ஒரு பகுதியில், உலகின் மிகப் பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்றைத் தோண்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள். டான்லின் கோல்ட் என்பது அதன் பெயர். பூமிக்கடியில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கும் தங்கம் 1,000 டன்னுக்கும் மேல். பவுன் கணக்கில் சொன்னால் 12 கோடிப் பவுனைத் தாண்டும்!

பெரிய கம்பெனி வந்தது, ஏழையின் நிலத்தைப் பறித்தது என்ற பழக்கப்பட்ட கதைதானே என்று வாசகர்கள் நினைக்கலாம். அப்படி இருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை. இந்தக் கதையில் நிலமும் அதன் அடியில் இருக்கும் தங்கமும் சட்டப்படி அந்த மண்ணின் பழங்குடி மக்களுக்கே சொந்தம். அவர்கள் பெயரில் இருக்கும் நிறுவனங்களே சுரங்கத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டன. அப்படியிருந்தும் அதே மக்களின் கிராம மன்றங்கள் "வேண்டாம்" என்று நீதிமன்றத்தின் படியேறி நிற்கின்றன. ஏன்? இதைப் புரிந்துகொண்டால் உலகத்தில் பல இடங்களில் நடப்பது நமக்குப் புரிந்துவிடும்.

ஆறுதான் சாலை

தென்மேற்கு அலாஸ்காவில் யூக்கான், குஸ்கோக்விம் என்று இரண்டு பெரிய ஆறுகள் ஓடிக் கடலில் கலக்கின்றன. அந்த ஆற்றங்கரைகளிலும் கழிமுகத்திலும் 50-க்கும் மேற்பட்ட கிராமங்கள். மொத்த மக்கள் தொகையே ஏறத்தாழ 25,000 தான். பெரும்பாலோர் யூப்பிக் இனத்தவர். ஆற்றின் மேற்பகுதியில் அத்தபாஸ்கன் மக்களும் வாழ்கிறார்கள்.

இந்தக் கிராமங்களுக்கு வெளியுலகத்திலிருந்து சாலை கிடையாது. கோடையில் படகில் போவார்கள். குளிர்காலத்தில் ஆறு உறைந்து கெட்டியானதும் அந்தப் பனிக்கட்டியின் மேலேயே வண்டி ஓட்டுவார்கள். மற்றபடி சிறு விமானம்தான். பெத்தேல் என்பது அந்த வட்டாரத்தின் தலைநகரம் போன்ற ஊர். அங்கே வசிப்பவர்கள் சுமார் 6,000 பேர்.

டீசலும் மாவும் பால் பவுடரும் வெளியிலிருந்து வர வேண்டும். விலை கைக்கு எட்டாது. ஆகவே அவர்களுடைய களஞ்சியம் ஆறுதான். கோடை வந்தால் சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும். குடும்பம் முழுவதும் மீன்பிடி முகாமுக்குப் போய்விடும். பிடித்த மீனைக் கீறி, கொம்புகளில் தொங்கவிட்டு உலர்த்தி, புகையில் வாட்டிக் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைப்பார்கள். பாட்டி கத்தி பிடிப்பதைப் பார்த்துப் பேத்தி கற்றுக்கொள்வாள். அவர்களுக்கு அது உணவு, உறவு, பள்ளிக்கூடம் எல்லாமும்தான்.

திட்டம் என்ன சொல்கிறது?

குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் குரூக்கெட் கிரீக் என்றொரு சிறு கிராமம். அதற்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில்தான் சுரங்கம் வரப்போகிறது. குழியின் நீளம் சுமார் மூன்றரை கிலோமீட்டர். அகலம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். ஆழம் அரை கிலோமீட்டருக்கும் அதிகம்.

அங்கே தங்கம் கட்டி கட்டியாகக் கிடக்கவில்லை. ஒரு டன் தாதுப் பாறையில் ஏறத்தாழ 2 கிராம் தங்கம்தான் கலந்திருக்கிறது. ஒரு பவுன் என்பது 8 கிராம். அப்படியானால் ஒரு பவுனுக்கு 4 டன்னுக்கும் மேல் தாதுவை அரைக்க வேண்டும். அந்தத் தாதுவை எட்டுவதற்கு அதன் மேலும் பக்கத்திலும் இருக்கும் பாறையை வேறு பெயர்த்து எறிய வேண்டும். அது 20 டன்னுக்கும் மேல். கழுத்தில் கிடக்கும் மெல்லிய சங்கிலிக்குப் பின்னால் எத்தனை லாரி மண் என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்!

சுரங்கம் ஓடப்போவது சுமார் 27 ஆண்டுகள். அதற்குள் சேரும் கழிவுப் பாறை 250 கோடி டன்னைத் தாண்டும். தாதுவை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு எஞ்சும் சகதி சுமார் 50 கோடி டன். தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு பயன்படுத்துவார்கள். தாதுவிலேயே பாதரசமும் ஆர்சனிக்கும் இயற்கையாகக் கலந்திருக்கின்றன. இந்தச் சகதி முழுவதையும் ஒரு பள்ளத்தாக்கில் கொட்டி, குறுக்கே 471 அடி உயரத்துக்கு அணை கட்டித் தடுத்து வைப்பார்களாம். சென்னை அண்ணா சாலையில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட உயரம்!

மின்சாரத்துக்கு எரிவாயு வேண்டும். அதற்காக மலைத்தொடரைக் கடந்து சுமார் 500 கிலோமீட்டருக்குக் குழாய் பதிக்க வேண்டும். எண்ணெயும் பொருட்களும் ஏற்றிய பெரும் இழுவைப் படகுகள் ஒவ்வொரு கோடையிலும் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை ஆற்றில் ஏறி இறங்க வேண்டும். பனி உருகியதும் முதலில் ஆற்றில் ஏறி வருவது ஸ்மெல்ட் என்ற சிறுமீன். குளிர்காலம் முடிந்து மக்கள் கண்ணில் படும் முதல் புது மீன் அதுதான். அது முட்டையிடும் இடங்களை இந்தப் படகுகளின் அலையும் விசிறியும் கலக்கிவிடும் என்பது கிராமத்தாரின் அச்சம்.

எல்லாவற்றையும் விட ஒரு செய்தியைக் கவனியுங்கள். 27 ஆண்டுகள் முடிந்து கம்பெனி மூட்டை கட்டிய பிறகு, அந்தக் குழியில் தண்ணீர் ஊறத் தொடங்கும். சுமார் 50 ஆண்டுகளில் அது ஏரியாக நிரம்பிவிடும். நச்சுக் கலந்த அந்தத் தண்ணீர் ஆற்றில் சேராமல் இருக்க அதை இறைத்துச் சுத்திகரித்துக் கொண்டே இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு? காலவரையே இல்லை! என்றென்றைக்கும்! இது எதிர்ப்பாளர்கள் கட்டிவிட்ட கதை அல்ல. திட்ட ஆவணங்களே ஒப்புக்கொள்ளும் விஷயம். எடுப்பது 27 ஆண்டு, காவல் காப்பது கியாமத் நாள் வரை என்றால் இது என்ன வியாபாரம்?

நிலம் பங்குப் பத்திரமானது எப்படி?

1867-ல் ரஷ்யப் பேரரசு 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றது. விற்றவனும் அந்த மண்ணின் மக்களைக் கேட்கவில்லை; வாங்கியவனும் கேட்கவில்லை. அதன்பின் நூறு ஆண்டுகள் அந்த மக்களின் நில உரிமை என்னவென்று யாரும் தீர்த்து வைக்கவில்லை.

1968-ல் அலாஸ்காவின் வடகரையில் புரூடோ விரிகுடாவில் பெரும் எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெயைக் கொண்டு வரக் குழாய் பதிக்க வேண்டும். குழாய் போகும் நிலம் யாருடையது என்ற கேள்வி எழுந்தது. நூறு ஆண்டுகள் வராத அக்கறை மூன்றே ஆண்டுகளில் பொங்கி வந்துவிட்டது! 1971 டிசம்பர் 18-ந் தேதி அலாஸ்கா பழங்குடியினர் உரிமைத் தீர்வுச் சட்டம் கையெழுத்தானது.

இந்தச் சட்டம் சுமார் 4 கோடியே 40 லட்சம் ஏக்கர் நிலத்தையும் 96 கோடி டாலருக்கும் மேற்பட்ட பணத்தையும் பழங்குடியினருக்குக் கொடுத்தது. தொகையைப் பார்த்தால் தாராளம்தான். ஆனால் கொடுத்த விதத்தைப் பாருங்கள். நிலத்தைக் கிராமத்தின் கையிலோ பழங்குடி மன்றத்தின் கையிலோ கொடுக்கவில்லை. 12 வட்டாரக் கம்பெனிகளையும் 200-க்கும் மேற்பட்ட கிராமக் கம்பெனிகளையும் புதிதாக உருவாக்கி அவற்றின் பெயரில் எழுதினார்கள். மக்களுக்குக் கையில் கிடைத்தது பங்குகள். ஒருவருக்கு 100 பங்கு. அன்றைய தேதியில் உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும்! டிசம்பர் 19-ந் தேதி பிறந்த குழந்தைக்குத் தன் பாட்டன் மண்ணில் ஒரு பங்கும் தானாகக் கிடைக்காது. பின்னால் வந்த திருத்தத்தால்தான் அந்தந்தக் கம்பெனி விரும்பினால் புதியவர்களைச் சேர்த்துக் கொள்ளலாம் என்றானது.

இதோடு இன்னொன்றும் நடந்தது. அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு, வழிவழியாக வந்த நில உரிமையை மட்டுமல்லாமல், வேட்டையாடும் உரிமையையும் மீன்பிடிக்கும் உரிமையையும் சேர்த்தே அழித்துவிட்டது. ஒரு கையால் பங்குப் பத்திரம். மறு கையால் ஆறு பறிபோனது!

டான்லின் நிலத்தின் கதையும் இதுதான். நிலத்தடிச் செல்வம் கலிஸ்டா என்ற வட்டாரக் கம்பெனிக்குச் சொந்தம். மேல் நிலத்தில் பெரும்பகுதி, நடு ஆற்றுப் பகுதியின் 10 கிராமக் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்த குஸ்கோக்விம் கார்ப்பரேஷனுக்குச் சொந்தம். இந்த இரண்டும் சுரங்கத்தை ஆதரிக்கின்றன.

ஆதரிப்பவர்கள் சொல்வதையும் கேட்போம்

நியாயம் பேசுகிறவர்கள் எதிர்த்தரப்பின் வாதத்தை மறைக்கக் கூடாது. சுரங்கத்தை ஆதரிக்கும் பழங்குடியினர் துரோகிகள் அல்லர். அவர்களுடைய வாதத்தில் உயிர் இருக்கிறது.

"இங்கே வேலை இல்லை. இளைஞர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள். பல வீடுகளில் இன்றும் குழாய்த் தண்ணீர் இல்லை. கட்டுமானக் காலத்தில் சுமார் 3,000 பேருக்கும் சுரங்கம் ஓடும்போது சுமார் 1,000 பேருக்கும் வேலை கிடைக்கும். இந்த நிலத்தை 1971-க்குப் பிறகு நாங்கள் தேர்ந்தெடுத்ததே தாது வளத்துக்காகத்தான். நாங்கள் மட்டும் என்றென்றும் ஏழைகளாகவே இருந்து இயற்கையைக் காப்பாற்ற வேண்டுமா?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. சட்டப்படி ஒரு வட்டாரக் கம்பெனிக்கு நிலத்தடி வளத்தில் கிடைக்கும் வருமானத்தில் 70 சதவீதத்தை 12 வட்டாரக் கம்பெனிகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். வடமேற்கு அலாஸ்காவில் 1989 முதல் ஓடும் ரெட் டாக் துத்தநாகச் சுரங்கத்தின் வருமானம் இப்படித்தான் மாநிலம் முழுவதும் பழங்குடியினருக்குப் போய்ச் சேர்ந்தது. கலிஸ்டாவும் அந்தப் பங்கைப் பெற்றிருக்கிறது. ஆகவே "மற்றவர் சுரங்கத்தில் நாம் பங்கு வாங்கினோம், நம் சுரங்கத்தை மட்டும் ஏன் மூடி வைக்க வேண்டும்?" என்பது அவர்கள் வாதம்.

இதற்குப் பதில் சொல்லாமல் வெறும் கோஷம் போடுவதில் பயனில்லை. பதில் இதுதான்: லாபம் போகும் இடமும் நஷ்டம் விழும் இடமும் ஒன்றாக இல்லை. பங்குதாரர் ஆங்கரேஜ் நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கலாம். வேறு மாநிலத்தில் இருக்கலாம். பங்கு ஈவு அவரைத் தேடி வரும். ஆனால் ஆறு கெட்டால் அந்தக் கேடு ஆற்றங்கரையில் வலை விரிப்பவனின் சட்டியில்தான் வந்து விழும். வேலையும் 27 ஆண்டுகளில் முடிந்துவிடும். தண்ணீரைக் காவல் காக்கும் வேலை மட்டும் முடியாது.

மன்றங்கள் ஏன் எதிர்க்கின்றன?

கம்பெனி வேறு, பழங்குடி மன்றம் வேறு. ஒரே மனிதர் இரண்டிலும் உறுப்பினராக இருக்கலாம். ஆனால் கம்பெனியின் கடமை பங்குதாரருக்கு லாபம் தேடுவது. மன்றம் என்பது ஊரின் அரசாங்கம். அதன் கடமை ஊரைக் காப்பது. 1993-ல் அமெரிக்க மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் அலாஸ்காவின் கிராம மன்றங்களும் பழங்குடி அரசுகளாக இடம் பெற்றன. ஆனால் நிலம் கம்பெனியிடம் இருக்கிறது. அதிகாரம் ஓரிடம், பொறுப்பு ஓரிடம்!

2018-ல் ராணுவப் பொறியாளர் படையும் நில மேலாண்மைத் துறையும் சுரங்கத்துக்கு முக்கிய அனுமதிகளை வழங்கின. அடுத்த ஆண்டே, அந்த வட்டாரத்தின் 56 பழங்குடிகளைக் கொண்ட கூட்டமைப்பு தன் மாநாட்டில் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2023-ல் பெத்தேலின் ஒருட்சராரமியுட் மன்றம் உள்ளிட்ட பழங்குடி மன்றங்கள் மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன.

2024 செப்டம்பர் 30-ந் தேதி நீதிபதி ஷாரோன் கிளீசன் தீர்ப்பளித்தார். அணையிலிருந்து மிகச் சிறிய அளவு சகதி கசிந்தால் என்ன ஆகும் என்று மட்டுமே அரசு அறிக்கை ஆராய்ந்திருந்தது. பெரிய உடைப்பு ஏற்பட்டால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. இது சட்டத்துக்கு மாறானது என்றார் நீதிபதி. ஆனால் 2025-ல் அவர் அனுமதிகளை ரத்து செய்துவிடவில்லை. அவற்றை நடப்பில் விட்டுவிட்டு, ஆய்வின் குறையை மட்டும் சரி செய்யும்படி துறைகளுக்கே திருப்பி அனுப்பினார்.

சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். 471 அடி உயர அணைக்குப் பின்னால் 50 கோடி டன் சகதியை நிறுத்தப் போகிறார்கள். "அது உடைந்தால்?" என்ற கேள்வியைக் கேட்காமலேயே அனுமதி கொடுத்திருக்கிறார்கள்! கிராமத்துக் கிழவர் கேட்கும் முதல் கேள்வி, ஆயிரக்கணக்கான பக்க அறிக்கையில் இல்லை!

உடையாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

"இன்றைய தொழில்நுட்பத்தில் அணை உடையாது" என்பார்கள். இதே வடக்குத் திசையில், வளர்ந்த நாடு என்று பெயர் பெற்ற கனடாவில் நடந்ததைப் பார்ப்போம்.

2014 ஆகஸ்ட் 4: பிரிட்டிஷ் கொலம்பியாவில் மவுண்ட் பாலி என்ற செம்பு, தங்கச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்தது. சுமார் இரண்டரை கோடி கன மீட்டர் தண்ணீரும் சகதியும் பாய்ந்து, சால்மன் மீன் வரும் கெனெல் ஏரியில் போய் விழுந்தன. அணைக்கு அடியில் இருந்த பலவீனமான மண் அடுக்கைப் பொறியாளர்கள் கண்டறியத் தவறிவிட்டார்கள் என்று விசாரணைக் குழு சொன்னது.

2024 ஜூன் 24: யூக்கான் பிரதேசத்தில் ஈகிள் தங்கச் சுரங்கத்தில், சயனைடு கரைசல் ஊற்றி வைத்திருந்த தாதுக் குவியல் சரிந்தது. சயனைடு கலந்த கரைசல் வெளியேறியது. இரண்டே மாதத்தில் அந்தக் கம்பெனி நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. கம்பெனி போய்விட்டது, நச்சு நிற்கிறது!

இன்னும் பழைய பாடம் ஒன்று உண்டு. கனடாவின் யெல்லோநைஃப் நகரத்தை ஒட்டி ஜெயன்ட் மைன் என்ற தங்கச் சுரங்கம் 1948 முதல் 2004 வரை ஓடியது. அதை நடத்திய கம்பெனி 1999-ல் திவாலானது. பூமிக்கடியில் அது விட்டுப் போனது 2,37,000 டன் ஆர்சனிக் டிரையாக்சைடு என்ற விஷத்தூள். அதை அள்ளி எடுக்க வழியில்லாமல், சுற்றியுள்ள பாறையை உறைய வைத்து அப்படியே பூட்டி வைக்கிறார்கள். செலவு 400 கோடி கனடா டாலருக்கும் மேல். கட்டுவது யார்? பொதுமக்களின் வரிப்பணம்!

குஸ்கோக்விம் மக்கள் கனடாவரை போகவும் வேண்டாம். அவர்கள் ஆற்றின் கரையிலேயே ரெட் டெவில் என்றொரு பழைய பாதரசச் சுரங்கம் கிடக்கிறது. 1971-ல் மூடப்பட்டது. அதன் கழிவு ஓடையிலும் ஆற்றிலும் கலந்திருக்கிறது. அரை நூற்றாண்டு கடந்த பிறகும் அரசுத் துறை அதைச் சுத்தம் செய்யும் வேலையிலேயே நிற்கிறது. நடு ஆற்றில் சில வகைப் பெரிய மீன்களை அளவோடு உண்ணும்படி அரசே எச்சரித்திருக்கிறது. சூடு கண்ட பூனையிடம் போய் "அடுப்பு சுடாது" என்று சொன்னால் நம்புமா?

மீன்தான் ஏற்கெனவே குறைந்துவிட்டதே?

சிலர் வேறொரு வாதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "சால்மன் மீன் சுரங்கத்தாலா குறைந்தது? அது ஏற்கெனவே குறைந்துவிட்டதே! இல்லாத மீனுக்காக இருக்கிற தங்கத்தை விடுவதா?"

மீன் குறைந்தது உண்மைதான். கிங் சால்மன் 2010-ஐ ஒட்டிச் சரியத் தொடங்கியது. 2020, 2021-ல் சம் சால்மனும் சரிந்தது. கடல் வெப்பம் ஏறியது ஒரு காரணம். பேரிங் கடலில் தொழிற்சாலைக் கப்பல்களின் வலையில் வேறு மீனோடு சால்மனும் சிக்கி மடிவது கிராமத்தார் சொல்லும் இன்னொரு காரணம்.

மீன் பெருக வேண்டும் என்பதற்காக அரசு தடை போட்டபோது யார் மீது போட்டது? ஆற்றங்கரைக்காரன் மீது! 2012-ல் தடையை மீறி வலை விரித்த யூப்பிக் மீனவர்கள் மீது வழக்குப் போடப்பட்டது. "இது எங்கள் வாழ்க்கை முறை, எங்கள் நம்பிக்கை" என்று அவர்கள் வாதாடினார்கள். 2013-ல் பலர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி அபராதம் விதிக்கப்பட்டது. குடும்பத்துக்காக நாலு மீன் பிடித்தால் அது குற்றம். மீன் முட்டையிடும் ஆற்றின் தலைமாட்டில் சயனைடு ஆலை வைத்தால் அது வளர்ச்சி! எந்தத் தராசில் இதை நிறுத்தார்கள்?

நோயாளியை ஏற்கெனவே காய்ச்சல் வாட்டுகிறது என்பதற்காக அவர் குடிக்கும் தண்ணீரில் மண்ணைப் போடலாமா? தளர்ந்து போன ஆற்றுக்குத்தான் கூடுதல் காவல் வேண்டும்.

இன்றைய முதலாளிகள் யார்?

நீண்ட காலமாக இந்தத் திட்டத்தை நோவாகோல்ட், பாரிக் என்ற இரண்டு கம்பெனிகள் சரிபாதியாக வைத்திருந்தன. 2025-ல் பாரிக் தன் பாதியை 100 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறியது. உலகின் மிகப் பெரிய தங்கக் கம்பெனிகளில் ஒன்று விலகிக்கொள்ள, அந்த இடத்துக்கு வந்தது ஜான் பால்சனின் முதலீட்டு நிறுவனம். இவர் 2007-ல் அமெரிக்க வீட்டுக் கடன் சந்தை சரியும் என்று பந்தயம் கட்டிக் கோடி கோடியாகச் சம்பாதித்தவர். 2025 அக்டோபரில் தங்கத்தின் விலை அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. விலை ஏற ஏறத் திட்டத்தின் மீது ஆசையும் ஏறுகிறது.

சந்தையில் பந்தயம் கட்டுகிறவர், தோற்றால் பணத்தை இழப்பார். வேறொரு பந்தயத்தில் எடுத்துக்கொள்வார். ஆற்றை இழந்தவன் எந்தச் சந்தையில் போய் எடுப்பான்?

யாருடைய சம்மதம் சம்மதம்?

"உங்கள் ஆட்களே கையெழுத்துப் போட்டுவிட்டார்களே, இனி என்ன?" என்ற வாசகத்தை ஒடுக்கப்பட்ட எல்லா மக்களும் எப்போதாவது கேட்டிருப்பார்கள். ஒரு சமுதாயத்தின் சொத்தை அபகரிக்க நினைப்பவன் இன்று துப்பாக்கியோடு வருவதில்லை. ஒரு அமைப்பை உண்டாக்கி, அதற்கு அந்தச் சமுதாயத்தின் பெயரையே சூட்டி, அதன் கையில் பேனாவைக் கொடுத்துவிடுகிறான். கையெழுத்துப் போட்டவர் கெட்டவர் என்பது பிரச்சினை அல்ல. கையெழுத்துப் போடும் அதிகாரத்தை, இழப்பைச் சுமப்பவனிடமிருந்து பிரித்து வேறிடத்தில் வைத்ததுதான் பிரச்சினை. 1971-ன் சட்டம் செய்தது அதைத்தான்.

2007-ல் ஐ.நா. பொதுச்சபை பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அவர்களுடைய நிலத்தையும் நீரையும் பாதிக்கும் திட்டங்களுக்கு, நெருக்கடி இல்லாமல், முன்கூட்டியே, விவரம் தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும் என்கிறது அது. அன்று எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. 2010-ல்தான் ஆதரிப்பதாக அறிவித்தது. ஆதரித்தது உண்மையானால் அதை நிரூபிக்க குஸ்கோக்விம் ஆற்றைவிடச் சரியான இடம் வேறில்லை.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று: அணை பெரிதாக உடைந்தால் என்ன ஆகும் என்பதை முழுமையாக ஆராய்ந்து, யூப்பிக் மொழியிலும் கிராமம் கிராமமாக விளக்க வேண்டும். அதுவரை ஒரு கல்லையும் பெயர்க்கக் கூடாது.

இரண்டு: என்றென்றைக்கும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் செலவுக்கான முழுப் பணத்தையும் தோண்டுமுன் ரொக்கமாகக் கட்டி வைக்க வேண்டும். கம்பெனி திவாலானாலும் அந்தப் பணம் திவாலாகக் கூடாது.

மூன்று: இறுதி முடிவு கம்பெனிப் பங்குதாரர்களிடம் மட்டும் இருக்கக் கூடாது. ஆற்றங்கரைக் கிராம மன்றங்கள் "வேண்டாம்" என்றால் அது வேண்டாம்தான்! அவர்களே மனமொப்பி "வேண்டும்" என்றால் அது அவர்கள் உரிமை. வெளியிலிருந்து தடுக்கவும் நமக்கு உரிமையில்லை.

இந்த மூன்றையும் நிறைவேற்றினால் லாபம் போய்விடும் என்று கம்பெனி சொல்லுமானால், இதுவரை காட்டிய லாபம் ஆற்றங்கரை மக்களின் தலையில் வைத்த சுமையிலிருந்து வந்தது என்று தானே ஒப்புக்கொண்டதாகும்.

எங்கோ பனிப்பிரதேசத்தில் நடப்பது நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகத்தில் தங்கத்தை அதிகம் வாங்கும் நாடுகளின் வரிசையில் முன்னால் நிற்பது நம் நாடு. தங்கம் பெரும்பாலும் நகையாகவும் கட்டியாகவும் பூட்டி வைக்கத்தான் தோண்டப்படுகிறது. பசிக்கு அது உணவாகாது. அடுத்த தடவை பெண் வீட்டாரிடம் "எத்தனை பவுன்?" என்று கேட்கும் முன், ஒரு பவுனுக்கு நாலு டன் பாறை, அந்தப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு ஆறு, அந்த ஆற்றங்கரையில் மீனை உலர்த்திக் காத்திருக்கும் ஒரு கிழவி என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். பவுன் குறைந்தால் எந்தப் பெண்ணும் குறைந்துவிட மாட்டாள்.

நம் பெயரில் பேனா பிடிக்கிறவர்கள் எந்த அமைப்பில் இருந்தாலும், அவர்களிடம் கேட்பதற்கு இந்தக் கதை ஒரு கேள்வியையும் தந்திருக்கிறது: "நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள், சரி. நஷ்டம் வந்தால் எங்களோடு கரையில் நிற்பீர்களா?" இதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாதவர் கையில் பேனாவைக் கொடுக்காதீர்கள்!